விதை மூட்டைக் காட்சி

வெண்ணிலா சீரியல் பார்க்கிற லட்சணத்தைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே பற்றிக்கொண்டு வரும். ஊரில் மற்றவர்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பார்க்கிற காட்சியை இவள் மடியில் நோட்டும் கையில் பேனாவுமாகப் பார்ப்பாள். நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டம். யாருக்கு என்ன வேண்டும். யார் குறுக்கே நிற்கிறார்கள். யாருக்கு என்ன தெரியும். காட்சி முடியும்போது என்ன மாறியது. மாமியார் மருமகளை வாசலில் பிடித்துத் தள்ளும்போது அம்மா "ஐயோ" என்பாள். இவள் "ரெண்டாவது கட்டம்" என்பாள்.

"அழுவறதுக்குப் போடறான் சீரியலு. இவ இன்னாடான்னா பரீட்ச எழுதிக்கினு கீறா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பரீட்சைதான். அதற்காக அவள் ஞாயிறுதோறும் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறித் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தாள். மற்ற ஆறு நாளும் கூட்டேரிப்பட்டுக் கூட்ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று பிறத்தியார் வாழ்க்கையை நாள் முழுக்கக் கண்ணாடிமேல் கவிழ்த்து நகல் எடுக்கிற வேலை. வயது இருபத்தாறு. "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்குச் சிரித்துச் சிரித்தே தாடை வலித்துப் போனவள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு சீரியலில் அவள் எழுதிய காட்சி வர வேண்டும். ஊரே அதைப் பார்க்க வேண்டும்.

ஆசை நிறைவேறியது. இந்தக் கதையில் பேஜாரே அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் வகுப்பு. நடத்தியவள் ஜெசிந்தா. சென்னையில் எட்டு வருஷம் சீரியல்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவள், மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பியிருந்தாள். இங்கிருந்தபடியே ஏழரை மணி சீரியல் ஒன்றுக்குக் காட்சி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். டைட்டிலில் அவள் பெயர் வராது. டியூஷன் சென்டர் என்பதால் எல்லாரும் அவளை "மிஸ்" என்றே கூப்பிட்டார்கள். ஆறு பேரோடு ஆரம்பித்த வகுப்பு, ஆயுத பூஜைக்குள் மூன்று பேராகிவிட்டது.

முதல் ஒரு மணி நேரம் முந்தின வார எபிசோடுகளைப் பிரித்துப் போடுவார்கள். கோழியை அறுத்துப் போடுவதைப் போலத்தான். இது தொடை, இது ஈரல், இது வேண்டாத சவ்வு. எங்கே விளம்பர இடைவேளை விழும், எந்த முகத்தில் காட்சி உறையும் என்று வெண்ணிலா முன்கூட்டியே சொல்வாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். "நல்லா பிரிக்கிற. பிரிக்கிறது வேற, கட்டறது வேற" என்பாள் ஜெசிந்தா.

அது உண்மை. வெண்ணிலா எழுதிக்கொண்டுபோன காட்சிகள் ஒன்றும் தேறவில்லை. பாயசத்தில் விஷம் எழுதினாள். மாடிப்படியில் எண்ணெய் எழுதினாள். கல்யாண மண்டபத்தில் பழைய கடிதம் எழுதினாள்.

"இதெல்லாம் நானே எழுதிக் கிழிச்சதும்மா" என்றாள் ஜெசிந்தா, தாள்களைத் திருப்பிக் கொடுத்து. "எனக்கு ஒரு பொருள் வேணும். உங்க ஊர் வீட்டுல மட்டும் இருக்கற பொருள். அதுக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடணும். இத்தனை நாளுக்குள்ள இது நடக்கலன்னா போச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். அப்படி ஒன்னு கொண்டா, நான் சென்னைக்கு அனுப்பறேன்."

அப்படி ஒரு பொருள் வெண்ணிலாவுக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்திருந்த அக்கா, கிணற்றடியில் பாத்திரம் துலக்கியபடி அவள் காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அக்கா கலைப்பிரியா நர்சிங் படித்தவள். பனமலையில் வல்லரசுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷம். மாப்பிள்ளைக்கு ஏரிக்குக் கீழே சொந்த நிலம், வாடகைக்கு ஓடுகிற டிராக்டர் ஒன்று, அடிக்க நீளுகிற கை ஒன்று. கல்யாணமான மாசமே அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். "எம் பொண்டாட்டி எவனுக்கும் ஊசி போட வேணாம்" என்றான். வாய் பேசினால் அடி, பேசாமலிருந்தால் திமிர் என்று அடி. இரண்டு முறை அவள் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் அப்பா பெரியசாமி ஒரு பை நிறைய ஆப்பிளும் மிக்சரும் வாங்கிக்கொண்டு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். "அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்று அறிவுரையும் சொன்னார். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்த மகராசன் நிச்சயமாக அடி வாங்கியவன் இல்லை.

ஆவணியில் வல்லரசு ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் பீரோ சாவியை மறந்துவிட்டுப் போனான். கலைப்பிரியா சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, காலி உறைக்குள் பழைய காலண்டர் தாள்களைத் திணித்து வைத்தாள். எடுத்ததை எங்கே ஒளிப்பது? பரணில் விதை மல்லாட்டை மூட்டை இருந்தது, விதைக்கென்று வைத்த வேர்க்கடலை. ஓட்டோடு, வேப்பிலை போட்டு, வாய் கட்டி வைத்திருக்கிற மூட்டை. மார்கழியில் விதைப்புக்கு நாள் பார்த்து, கற்பூரம் காட்டி மாமியார் அம்சாதான் அதைப் பிரிப்பாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒரு கையும் அதன்மேல் படாது. அவள் மூட்டையை அவிழ்த்து, பாலித்தீன் கவரில் சுற்றியதை அடிவரைக்கும் செருகி, மறுபடி கட்டி வைத்தாள்.

"பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில போன்லயே பேசிட்டேன்டி. எதிர் வீட்டு அக்கா போன்ல. ஒரிஜினல எடுத்துக்கினு வந்தா சேத்துக்கறேன்னாங்க. தங்கறதுக்கும் எடம் கீதாம், கொழந்தயோட" என்று அக்கா கிசுகிசுத்தாள். "தீபத்தன்னிக்கு மாமியாரும் அவரும் திருவண்ணாமலைக்குப் போயிடுவாங்க. வருஷா வருஷம் போறதுதான். அன்னிக்கு வீட்ல நானும் பொன்னியும்தான். காலையில பஸ் ஏறிடுவேன். யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்ட சொன்னா மறுபடி ஆப்பிள் வாங்கக் கெளம்பிடுவாரு."

பொன்னி அவள் மகள். மூன்று வயது. அப்போது கிணற்றடியில் சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தாள்.

வெண்ணிலா கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தக் கையின் ஈரம் காய்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவளை முழுக்க மனசாட்சி இல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் மாற்றினாள். நர்ஸை டீச்சர் ஆக்கினாள். டிராக்டரை ரைஸ் மில் ஆக்கினாள். ஊருக்குப் பேரே வைக்கவில்லை. மூட்டையையும் மாற்றிப் பார்த்தாள். அரிசிப் பானைக்குள் என்று எழுதினாள். அரிசிப் பானையைத் தினம் இரண்டு வேளை திறப்பார்கள். சாமி படத்துக்குப் பின்னால் என்று எழுதினாள்; வெள்ளிக்கிழமை தவறாமல் துடைப்பார்கள். துணிப் பெட்டி, உரச் சாக்கு, எதுவும் நிற்கவில்லை. விதை மூட்டைக்கு மட்டும்தான் ஒரு நாள் குறித்திருக்கிறது. அதுவரைக்கும் அதற்குக் காவலே வேண்டாம். மிஸ் கேட்ட கடிகாரம் அதற்குள்தான் ஓடியது. மூட்டையை எடுத்தால் காட்சி பொதுக்கென்று உட்கார்ந்துவிடுகிறது. அதனால் மூட்டையை விட்டுவிட்டாள்.

ஜெசிந்தா அதை இரண்டு தரம் படித்தாள். படித்து முடித்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது உங்க வீட்டுல நடந்ததா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லியிருந்தால் ஜெசிந்தா கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பாள், அவளும் பெண் பிள்ளைதானே. ஆனால் நடந்ததை எழுதியவள் என்பதைவிடக் கற்பனை செய்தவள் என்கிற பேருக்கு மதிப்பு அதிகம். வெண்ணிலாவுக்கு அந்தப் பேர் வேண்டியிருந்தது.

"இல்ல மிஸ். நானா யோசிச்சது."

"அடிப்பாவி" என்று ஜெசிந்தா சிரித்தாள். "பிரமாதம்டி. ஒன்னே ஒன்னு. இந்தக் குழந்தைய எடுத்துடு. சின்னக் குழந்தைய செட்ல வெச்சிக்கினு ஷூட்டிங் பண்றது பெரிய தலவலி. கதைக்கும் அது பாரம். குழந்தை இருந்தா அவ அவ்ளோ சுலபமா கிளம்ப முடியாது, காட்சி இழுக்கும்."

வெண்ணிலா குழந்தை வருகிற மூன்று வரியையும் பேனாவால் அடித்தாள். ஒரு நிமிஷ வேலை.

"பொங்கல் முடிஞ்சிதான் ஏர்ல வரும். இப்ப வேற ட்ராக் ஓடுது" என்றாள் ஜெசிந்தா.

வெண்ணிலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தீபம் டிசம்பர் முதல் வாரம். பொங்கல் ஜனவரி. அதற்குள் அக்கா பாண்டிச்சேரியில் இருப்பாள். அந்த எபிசோடை இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம், பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு. "இது நான் எழுதனதுக்கா" என்று அப்போது சொன்னால் அக்கா இடுப்பில் கிள்ளிச் சிரிப்பாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அன்றைக்குப் பஸ்ஸில் ஊர் திரும்பினாள். பஸ் முழுக்கக் கூட்டம். நின்றுகொண்டே வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து போனைப் பார்த்தாள். முந்தின நாள் வகுப்பு முடிந்து வந்த அசதியில் டி.வி.யும் போனும் பார்க்காமலே தூங்கிவிட்டிருந்தாள். இரவே ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. வில்லியாக நடிக்கிற நடிகைக்குக் குடல்வால் ஆபரேஷன். அவள் வருகிற ட்ராக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கையில் தயாராக இருந்ததை முன்னால் எடுத்து ஷூட் பண்ணிவிட்டார்கள். "போன வாரமே தெரியும். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. ப்ரோமோ பாரு!!" என்று ஏழெட்டுக் கைதட்டல் பொம்மைகளோடு எழுதியிருந்தாள்.

முப்பது செகண்ட் ப்ரோமோ. இருட்டான பரண். ஒரு பெண் மூட்டையின் கட்டை அவிழ்க்கிறாள். வளையல் கை மல்லாட்டைக்குள் இறங்குகிறது, முழங்கை வரைக்கும். காகிதக் கட்டொன்று மேலே வருகிறது. "விதைப்புக்குள் அவள் வெளியேறுவாளா?" என்று ஒரு ஆண் குரல் கேட்கிறது.

முந்தின நாள் மாலையிலிருந்து அது மணிக்கு நான்கு தரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்சா அந்தச் சீரியலை ஒரு நாளும் விட்டதில்லை.

கலைப்பிரியாவிடம் போன் கிடையாது. எதிர் வீட்டு அக்காவுக்கு அடித்தால் எடுக்கவில்லை. வெண்ணிலா கடை முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். விழுப்புரத்தில் இறங்கிப் பனமலை போகிற பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். நிற்கிறபோதே மனசு பாழாய்ப்போன கட்டங்களைப் போட ஆரம்பித்துவிட்டது. யாருக்கு என்ன வேண்டும்: அக்காவுக்கு அந்தக் கவர். யார் குறுக்கே: அம்சா. யாருக்கு என்ன தெரியும்? அந்த மூன்றாவது கட்டத்தில் வந்து நின்றுவிட்டாள். சீரியலில் ஆயிரம் மூட்டை வரும், பார்க்கிறவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுப் பரணையா ஏறிப் பார்க்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

தெரு முனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டாள். வாசலில் தார்ப்பாய் விரித்து, மல்லாட்டையைக் குவியலாகக் கொட்டி, அம்சா காலை நீட்டி உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிச் சாக்கு. விதைப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. இப்போதே ஓட்டை உடைத்தால் பருப்பின் முளைப்புத் திறன் போய்விடும் என்று அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"வாம்மா வெண்ணிலா" என்றாள் அம்சா, முகம் மலர. "வேலைக்குப் போவல? வா, குந்து. கை சும்மாதான கீது, ரெண்டு ஒட."

வெண்ணிலா உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை. ஒரு மல்லாட்டையை எடுத்து விரலால் அழுத்தினாள். டப்பென்று உடைந்தது.

"நாள் பாத்துட்டீங்களா அத்த?"

"நாளு இன்னா நாளு. இந்த வருசம் வெதைக்கு வேற வாங்கிக்கலாம். இத ஆட்டி எண்ண எடுத்துக்கலாம்னுட்டான் எம் புள்ள." அம்சா ஒரு பிடி பருப்பை முறத்தில் போட்டாள். "ஐப்பசியிலயே பாத்தேன்மா நானு. மூட்ட முடிச்சு எம் முடிச்சு இல்ல. நான் எடக்கையில போடுவேன், அது வலக்கையில போட்டிருந்திச்சி. எலிக்குப் பயந்து இவன்தான் அவுத்துக் கட்டிக்கீறானோன்னு நெனச்சேன். எதுக்குன்னு பிடிபடல. நேத்து டி.வி.ல காட்டறான் பாரு, அப்பிடியே புட்டுப் புட்டு வெச்சிட்டான். அந்தச் சீரியல்காரன் நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த மல்லாட்டையை எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. காணாமல்போன கரண்டி கிடைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதிதான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அக்கா வாயையே திறக்கவில்லை. கெட்டது தங்கை வாயால்.

"அக்கா?"

"பின்னாலதான் கீறா. போய்ப் பாரு."

கலைப்பிரியா தோட்டத்தில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். இடது காதிலிருந்து கழுத்து வரைக்கும் வீங்கி, கருநீலமாக இருந்தது. அந்தப் பக்கக் கம்மல் இல்லை.

"அந்தக் காதுல கேக்கல. இந்தப் பக்கம் வா" என்றாள்.

வெண்ணிலா இந்தப் பக்கம் வந்தாள். அடுப்பு வாயில் பாலித்தீன் உருகி ஒரு கறுப்புக் கட்டியாகக் கல்லோடு ஒட்டியிருந்தது. அதைத் தகரத் துண்டால் சுரண்டி எடுக்கத்தான் அக்கா முயன்றுகொண்டிருந்தாள்.

"ஒவ்வொன்னா எடுத்துப் படிச்சிப் படிச்சிப் போட்டாருடி. பத்தாவது, பன்னெண்டாவது, டிப்ளமா, கவுன்சில் ரிஜிஸ்ட்ரேசன். என்னையே தண்ணி காய வெக்கச் சொன்னாரு. குளிச்சாரு."

"மறுபடி வாங்கலாம்க்கா. டூப்ளிகேட் அப்ளை பண்ணலாம். நானே தெனம் பத்து பேருக்குப் பண்ணிக் குடுக்கறேன். எங்கூட வா, இப்பவே போலாம்."

"பொன்னி இல்ல."

வெண்ணிலாவுக்குப் புரியவில்லை.

"காலையில நாத்தனார் வந்து ஒலக்கூருக்கு இட்டுக்கினு போயிட்டா. இனிமே அங்கதானாம். பள்ளிக்கூடம் அங்கியே சேக்கறாங்களாம். நான் ஒழுங்கா இருந்தா மாசத்துக்கு ஒருவாட்டி கொண்டாந்து காட்டுவாங்களாம்." அக்கா சுரண்டுவதை நிறுத்தினாள். "டி.வி.ல எப்படிடி வந்திச்சி? நான் உங்கிட்ட மட்டும்தான சொன்னேன்."

பொய் சொல்லலாம் என்று வெண்ணிலாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஊரெல்லாம் விதை மூட்டை வைத்திருக்கிறார்கள், எவனோ யோசித்திருப்பான் என்று சொல்லிவிடலாம்.

"நான்தான்க்கா எழுதனேன். பொங்கலுக்கு அப்புறம்தான் வரும்னாங்க. நீ போயிருப்பேன்னு…"

அக்கா அவளை அடித்திருந்தால் தேவலாம். வாரித் தூற்றியிருந்தால், மண்ணை வாரி இறைத்திருந்தால் தேவலாம். அவள் கேட்கிற காதை இவள் பக்கம் திருப்பி, சரியாகத்தான் கேட்டோமா என்பது போல நின்றாள். பிறகு தகரத்தை எடுத்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, போ" என்றாள்.

வெண்ணிலா சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "அவ ஏன் ஒளிச்சி வெச்சா? நீ ஏன் எழுதன?" என்று இரண்டு கேள்வி கேட்டார் பெரியசாமி. அவன் ஏன் எரித்தான் என்கிற மூன்றாவது கேள்வி அவர் வாயில் வரவில்லை. பெண்கள் உதவி எண்ணுக்கு அடித்தாள். மறுநாளே ஒரு அதிகாரி அம்மாவும் ஒரு பெண் போலீசும் பனமலைக்குப் போனார்கள். தனியாக நிறுத்தித்தான் விசாரித்தார்கள். கலைப்பிரியா, "மாடு முட்டிடுச்சிங்க, எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதையே சொன்னாள். அவள் பேச்சுக்கெல்லாம் ஒலக்கூரில் ஒரு பிணை இருந்தது. வெண்ணிலா ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுக் காட்சியை நிறுத்தச் சொன்னாள். ஜெசிந்தா அந்தப் பக்கம் அழுதாள். "நடந்ததான்னு கேட்டேனே, ஏன்டி சொல்லல?" என்று அழுதாள். எல்லாம் ஷூட் பண்ணி முடித்தாகிவிட்டது. அவள் கையில் ஒன்றும் இல்லை.

தீபத்தன்று பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டும். பொரி, வெல்லம், ஒரு புடவை. அப்பா பையைக் கொடுத்து வெண்ணிலாவை அனுப்பினார். அதில் ஆப்பிளும் இருந்தது.

அந்த வருஷம் அம்சாவும் வல்லரசும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வெண்ணிலா போய்ச் சேர்ந்தபோது தெருவில் பிள்ளைகள் தீப்பொறி பறக்க மாவளி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கலைப்பிரியா அகல்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த மல்லாட்டையை ஆட்டிய எண்ணெய்தான். வீக்கம் வடிந்திருந்தது. தங்கையைப் பார்த்து "வா" என்றாள். அவ்வளவுதான்.

ஏழரைக்கு அம்சா சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வல்லரசு நாற்காலியில் உட்கார்ந்து பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். "குந்து வெண்ணிலா, இன்னிக்கு ஸ்பெஷல் எபிசோடு" என்றான். அவர்களுக்கு இவள்தான் எழுதினாள் என்று தெரியாது. அக்கா சொல்லவில்லை. சீரியலில் ஒரு மூட்டையைப் பிரிக்கவே ஒரு வாரம் ஓட்டிவிட்டு, தப்பிக்கிற கட்டத்தைத் தீபத்தன்றைக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்களாம்.

பெண் பரணிலிருந்து இறங்கினாள். மார்போடு காகிதக் கட்டு. திடுமென்று இசை. கூடத்தில் மாமியார் தூங்குகிறாள். இவள் அவளைத் தாண்டிப் போக வேண்டும். வெண்ணிலா எழுதியபடியே வந்தது. ஒரு சொல் மாறவில்லை. கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிற இடம்கூட அப்படியே இருந்தது. நன்றாக இருந்தது. அவளால் அதை மறுக்க முடியவில்லை, அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. காட்சி முடியும்போது என்ன மாறியது என்று அவள் மண்டை தானாகவே நான்காவது கட்டத்தை நிரப்பப் பார்த்தது.

அம்சா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போயிடு கண்ணு" என்றாள் டி.வி.யைப் பார்த்து. "அந்தப் பாவிங்க எழுந்துக்கறதுக்குள்ள ஜல்தியா போயிடு." உண்மையான கண்ணீர். மூக்கை உறிஞ்சினாள். வல்லரசும் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலைப்பிரியா கையில் விளக்குத் தட்டோடு வாசல் நிலையில் வந்து நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். சீரியல் பெண் கதவைத் திறந்தாள். வெளியே பஸ் விளக்கு வெளிச்சம். விளம்பரம் விழுந்தது.

வெண்ணிலா எழுந்து அக்காவிடம் போனாள். விளக்கை வைக்க உதவுகிற மாதிரி தட்டைப் பிடித்தாள். அக்கா கேட்கிற காதை அவளிடம் காட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"போயிடறாளா?"

"போயிடறாக்கா."

"கொழந்தய?"

"அவளுக்குக் கொழந்த இல்லக்கா. இருந்திச்சி. நான்தான் அடிச்சிட்டேன்."

கலைப்பிரியா தலையை ஆட்டினாள். இவ்வளவு நாளாக விளங்காத ஒன்று இப்போது விளங்கிவிட்டதைப் போல ஆட்டினாள்.

"அதான் போறா" என்றாள்.

பிறகு தட்டை வாங்கிக்கொண்டு படியில் இறங்கி, வரிசையாக விளக்குகளை வைத்துக்கொண்டே போனாள். உள்ளே விளம்பரம் முடிந்து, அம்சா அவர்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.